கேள்வி வராத கோடு

போன மாதம் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். கள்ளக்குறிச்சியில் நான் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்த தனியார் மருத்துவமனைக்கு ஒரு புது மென்பொருள் வந்திருக்கிறது. டாக்டர் எழுதும் அறுவைக் குறிப்பை அதுவே படிக்கும், அதற்குரிய எண்ணை, நாங்கள் ஆங்கிலத்தில் 'கோடு' என்று சொல்வதை, அதுவே போடும், காப்பீட்டு அலுவலகத்துக்கு அதுவே அனுப்பும். இனிமேல் அந்த வேலைக்கு ஆள் தேவையில்லை. ஆள் தேவையில்லை என்பதைக் கொண்டாட, அந்த வேலையைச் செய்த ஆளையே கூப்பிட்டு மேடையில் உட்காரவைத்தார்கள். "ரெண்டு நிமிஷம் உங்க அனுபவத்தைச் சொல்லுங்க மேடம்" என்றார்கள். நான் பேசியது அரை நிமிடம்தான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

என் வேலை என்ன என்பது என் சொந்த அண்ணனுக்கே கடைசிவரை புரியவில்லை. "ஆஸ்பத்திரியில பில்லு போடுது" என்று எல்லோரிடமும் சொல்லி முடித்துவிடுவார். பில் போடுவது வேறு. டாக்டர் ஒரு நோயாளிக்குச் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு. குறிப்பைப் படித்து, சரியான எண்ணைக் கண்டுபிடித்து, திரையில் ஏற்ற வேண்டும். காப்பீட்டு அலுவலகத்தில் இருப்பவர் நோயாளியைப் பார்க்கப்போவதில்லை. எண்ணைத்தான் பார்ப்பார். ஆகவே நாங்கள் என்ன எண் போடுகிறோமோ அதுதான் நடந்தது. உண்மையில் நடந்தது இரண்டாம்பட்சம்.

விலங்கியலில் முதுகலை முடித்தேன். பாண்டிச்சேரியில் ஆறு மாதம் மருத்துவப் பதிவேட்டுப் படிப்பு படித்தேன். அந்த ஆறு மாதத்தைப் பற்றிச் சொல்ல, மின்விசிறி ஓடவில்லை என்பதைத் தவிர ஒன்றுமில்லை.

எங்களிடம் வந்தவை பெரும்பாலும் கைகள். கரும்பு வெட்டும் ஊர், மரவள்ளி பிடுங்கும் ஊர், அரிவாள் இல்லாமல் பொழுது போகாத ஊர். நகம் பிய்ந்தது, முள் ஏறியது, மணிக்கட்டில் நீர்க்கட்டி, மடக்கிய விரல் நிமிராமல் சிக்கிக்கொள்வது, உள்ளங்கையில் சீழ். எல்லாம் 'சிறு அறுவை' என்ற ஒரே தலைப்பின் கீழ் வரும். அந்தச் சொல்லால் எனக்கு வந்த வம்பு கொஞ்சமல்ல. திருநாவலூர்ப் பக்கத்து நிலக்கிழார் ஒருவர், நீர்க்கட்டியை எடுத்துவிட்டு மூன்று நாள் தனி அறையில் படுத்திருந்தார். டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்ததும் என் மேசைக்கு வந்துவிட்டார்.

"இன்னாம்மா, சிறு அறுவைன்னு போட்டுக்கிற?"

"அது பட்டியல்ல அப்படித்தாங்க இருக்குது."

"மூணு ஊரு சொந்தக்காரன் ஆப்பிள் வாங்கிக்கினு வந்து பாத்துட்டுப் போயிருக்கான். அவன்லாம் இதப் படிச்சா இன்னா நெனப்பான்? பெருசுன்னு மாத்திக் குடு."

"பெருசுன்னா வயித்தக் கிழிச்சிருக்கணுங்க."

கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், போய்விட்டார்.

கை அறுவைக்கு வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், பாண்டிச்சேரியிலிருந்து டாக்டர் சேதுராமன் வருவார். பேச்சு குறைவு. அறுவை முடிந்ததும் குறிப்புத் தாளில் முதலில் ஒரு கையை வரைவார். வெட்டு எங்கே என்று ஒரு கோடு, தையல் எங்கே என்று புள்ளிகள், அதற்குக் கீழே நான்கைந்து வரிகள். சேர்ந்த முதல் வருடம், வடக்கனந்தல் விவசாயி ஒருவருக்கு உள்ளங்கையில் ஏறிய முள்ளை எடுத்ததற்கு, தோலிலிருந்து முள் அகற்றியதாக எண் போட்டேன். டாக்டர் அந்தத் தாளோடு என் மேசைக்கு வந்தார்.

"வெட்டு எத்தன இஞ்சுன்னு பாத்தீங்க. எவ்ளோ ஆழம்னு பாத்தீங்களா?"

படத்தைத் திரும்பப் பார்த்தேன். முள், விரலை மடக்கும் தசைநாணின் உறைக்குள் போயிருந்தது. அது தோல் கணக்கே அல்ல. கைக்கு நீளம் முக்கியமில்லை, ஆழம்தான் முக்கியம் என்று அன்று கற்றுக்கொண்டேன். தோல், கொழுப்பு, நாண், நரம்பு, எலும்பு என ஒவ்வோர் அடுக்குக்கும் தனி எண். நம் ஊரில் நாணையும் நரம்பையும் சேர்த்து "நரம்பு அறுந்துபோச்சு" என்பார்கள். கோடு போடுகிறவள் அப்படிச் சொல்லக்கூடாது. நான் சொன்னதில்லை. அதைவிட மோசமானதைச் செய்தேன்.

அதற்கு முன் என் மேலாளர் தண்டபாணியைச் சொல்லியாக வேண்டும். உளுந்தூர்பேட்டைக்காரர். அவர் அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில், நாங்கள் அனுப்பிய கோப்புகளின்மேல் காப்பீட்டு அலுவலகம் அந்த மாதம் எத்தனை கேள்வி கேட்டது என்ற எண் மட்டும் இருக்கும். தினம் காலை பலகையைத் துடைப்பார். தேநீர் குடித்து முடித்த எவர்சில்வர் தம்ளரைக் கவிழ்த்து பலகையில் வைத்து, அதன் விளிம்பைச் சுற்றிப் பேனாவை ஓட்டுவார். அப்பழுக்கில்லாத ஒரு பூஜ்யம் வரும். நேற்றும் அதே பூஜ்யம்தானே இருந்தது, எதற்குத் துடைக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. இரண்டடி பின்னால் போய் நின்று அதைப் பார்ப்பார். கோயில் கர்ப்பகிரகத்துக்கு எதிரில்கூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

அவருக்கு உலகத்தில் இரண்டே வகைக் கோடுகள். சாது, வம்பு. சாதுக் கோடு என்றால் அனுப்பியதும் தானாக அனுமதி வந்துவிடும். வம்புக் கோடு என்றால் முன் அனுமதி, புகைப்படம், எக்ஸ்ரே, டாக்டர் உறுதிமொழி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். சாதுக்களில் தலைசிறந்த சாது 'தோல் காயம், தையல்'. அதை யாரும் எதுவும் கேட்டதே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கல்வராயன் மலையிலிருந்து குப்பம்மாளைக் கொண்டுவந்தார்கள். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர். சாமை அறுக்கும்போது, தாளைச் சேர்த்துப் பிடித்த இடக்கையிலேயே அரிவாள் பாய்ந்துவிட்டது. புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாக ஒரு மினிவேனில் வந்திருந்தாள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மடக்கு நாண்கள் முழுசாக அறுந்திருந்தன. டாக்டர் இரண்டு மணிநேரம் உட்கார்ந்து அவற்றைத் தைத்துச் சேர்த்தார். கையின் பின்பக்கம் மாவுக்கட்டு வைத்தார். கையை வரைந்தார், எழுதினார், ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

தண்டபாணி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இன்னாம்மா போடப்போற?"

"மடக்கு நாண் தையல் சார், ரெண்டு விரலு."

"அது வம்புல்ல? நாங்க சொல்றதுக்கு முன்னாடி எதுக்குக் கத்தி வெச்சீங்கன்னு கேப்பான். அதுக்கு ஒரு பதிலு, அந்தப் பதிலுக்கு ஒரு கேள்வி. மாசக் கடைசிம்மா இன்னிக்கு."

"அவசரக் கேசுன்னு எழுதலாம் சார்."

"எழுதுனா கேள்வி வராதா?"

"வரும்."

"தோலத் தெச்சாரா இல்லியா?"

"தெச்சாரு."

"அப்ப தோல் தையல்னு போடு. பொய்யா அது?"

பொய் இல்லை என்றுதான் எனக்கும் பட்டது. நன்றாகப் படித்தவர்களுக்குத்தான் இப்படிப்பட்டவை பொய்யில்லை என்று படும். பணியிலிருந்த சின்ன டாக்டர், தோல் தையல் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். சேதுராமன் வரைந்த தாளைக் காட்டி, "அதக் கிழிச்சிப் போடு" என்றார் தண்டபாணி. நான் கிழிக்கவில்லை. அதைத் துணிச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பதிவேட்டுத் தாளைக் கிழிக்க எனக்குக் கை வராது, அவ்வளவுதான். பதிவேட்டின் கடைசி அட்டைக்குள் செருகிவைத்தேன். எண்ணை ஏற்றினேன். அனுமதி உடனே வந்தது. பூஜ்யம் பிழைத்தது.

கோடு என்பது அனுப்பிய இடத்தோடு நின்றுவிடுவதில்லை. டிஸ்சார்ஜ் தாளில் நோயாளிக்கான அறிவுரைகளை அச்சடிப்பதும் அந்தக் கோடுதான். நாண் தையல் என்று போட்டிருந்தால், மாவுக்கட்டைப் பிரிக்கக்கூடாது, இரண்டாம் வாரம் டாக்டரைப் பார்க்க வேண்டும், கைப்பயிற்சிக்கு வர வேண்டும், மூன்று மாதம் கனமாக எதையும் பிடிக்கக்கூடாது என்று அச்சாகும். டாக்டர் மேசைக்குப் போகும் வருகைப் பட்டியலிலும் பெயர் ஏறும். தோல் தையல் என்று போட்டதால் குப்பம்மாளுக்கு இரண்டே வரிகள் அச்சாகின. 'எட்டாம் நாள் அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் தையல் பிரிக்கவும். அதன்பின் வழக்கமான வேலைக்குத் திரும்பலாம்.' அந்தத் தாளை எடுத்து, மடித்து, அவள் புருஷன் சடையன் கையில் கொடுத்தது நான். மாவுக்கட்டுப் போட்ட கை என் மேசைமேல்தான் இருந்தது. தாளைப் பார்த்தேன். கையைப் பார்க்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் முதல் பஸ் பிடித்து வந்தார்கள். இரண்டு விரல்களும் குச்சிபோல் நேராக நின்றன. டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போனபோது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அதுவரை நான் கேட்டறியாத குரல்.

"மாவுக்கட்ட யாரு பிரிச்சது?"

"மலையில நர்சம்மாங்க" என்றாள் குப்பம்மாள். "தாளப் படிச்சிட்டு, தோல் காயத்துக்கு யாருடி இம்மாம் பெரிய கட்டு போட்டதுன்னு சிரிச்சாங்க."

"வேல பாக்க யாரு சொன்னது?"

"தாளுல போட்டிருக்குதுன்னு படிச்சிக் காட்டினாங்களே. அடுத்த நாளே சாமை அறுக்கப் போனேன். புடிச்சி இழுத்தேனா, உள்ள டப்புனு ஒண்ணு விட்டுச்சி."

தைத்த நாண்கள் அறுந்த சத்தம் அது. சடையன் பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை எடுத்து நீட்டினான். ஒரு கசங்கல் இல்லை. டாக்டர் படித்தார். என் பக்கம் நகர்த்தினார்.

"இது உங்க தாளு" என்றார்.

"அறுக்கிற கை நல்லாத்தான் இருக்குதுங்க" என்றான் சடையன், யாரையும் குறைசொல்லாத குரலில். "புடிக்கிற கைதான் போச்சி. புடிக்காம எத்த அறுக்கிறது?"

இன்னோர் அறுவை செய்து, முன்கையிலிருந்து நாண் எடுத்து ஒட்டினால் விரல்கள் மடங்கலாம். ஆனால் வாரம் ஆக ஆகத் தசை சுருங்கிக்கொண்டே போகும், சீக்கிரம் வேண்டும் என்றார் டாக்டர். அன்றே முன் அனுமதி கேட்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. 'முந்தைய பதிவில் தோல் காயம் மட்டுமே உள்ளது. நாண் காயத்துக்கு ஆதாரம் இல்லை. நிராகரிக்கப்படுகிறது.' என் பணிக்காலத்தில் நான் படித்த நிராகரிப்புகளில் ஒரு பிழையும் இல்லாதது அது ஒன்றுதான்.

வழி ஒன்றே இருந்தது. முதல் கோடு தவறு என்று எழுத வேண்டும். திரையில் நாற்பது கட்டங்கள் உண்டு. பெற்றோர் பெயர், ரத்த வகை, வார்டு எண் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. தவறு எங்களுடையது என்று சொல்ல ஒரு கட்டம் இல்லை. கடிதம் எழுதித் தபாலில்தான் அனுப்ப வேண்டும். தண்டபாணியிடம் சொன்னேன்.

"உனக்கு இன்னா பைத்தியமா? அரசாங்கக் காப்பீட்டுத் திட்டத்துலேர்ந்தே நம்மளத் தூக்கிடுவான். நூறு பேரு சோறு துன்னுற எடம். ஒரு வெரலுக்காவா?"

"ரெண்டு வெரலு சார்."

"சேலத்துக்கு எழுதிக் குடுத்து அனுப்பு. பெரிய ஆஸ்பத்திரி, பாத்துக்குவாங்க."

"அங்கயும் நம்ம தாளத்தான் சார் பாப்பாங்க."

இப்படியெல்லாம் வாயாடிவிட்டு நான் உடனே கடிதம் அனுப்பிவிட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன். முதல் வரைவில் கணினிமேல் பழி போட்டேன். இரண்டாவதில் சின்ன டாக்டர்மேல். மூன்றாவதில் யார்மேலும் போடாமல், 'பிழை நேர்ந்துவிட்டது' என்று எழுதினேன். மழை பெய்துவிட்டது என்பதுபோல. மூன்றும் நல்ல தமிழ். மூன்றையும் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

செவ்வாயும் வெள்ளியும் குப்பம்மாள் வந்து என் மேசைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பதினோராம் நாள் எழுந்து வந்தாள். இடக்கை உதவாததால் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துப் பிடித்து, வலக்கையால் அந்தத் தாளை உருவி என்முன் வைத்தாள்.

"யம்மா, நல்லா இன்னொரு தரம் பாருங்க. எங்களுக்குப் படிக்கத் தெரியாது. வேற எதுனா எழுதியிருக்கும், நர்சம்மா உட்டுட்டாங்களோ என்னமோ."

வேறெதுவும் எழுதியிருக்கவில்லை. அந்தத் தாளில் அவள் இன்னும் நம்பிக்கை வைத்திருந்தாள். அதைத் தயாரித்த எனக்கு அது இல்லை. அன்றே எழுதினேன். 'நாண் தையல் நடந்தது எனக்குத் தெரியும். தெரிந்தே தோல் தையல் என்று எண் போட்டேன். கேள்வி வரக்கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.' கீழே என் பெயர், பதவி. பதிவேட்டு அட்டைக்குள்ளிருந்து சேதுராமன் வரைந்த கையை எடுத்து இணைத்தேன். தபால் நிலையத்துக்கு நானே நடந்துபோய்ப் பதிவுத் தபாலில் போட்டேன்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார். "டாக்டர் நல்லா வரையறாரே" என்றார். அவருக்கு அதுதான் பட்டது. மூன்று மாதம் எங்கள் மருத்துவமனைக்குச் சிறு அறுவைகள் நிறுத்திவைக்கப்பட்டன. குப்பம்மாளுக்கு மட்டும் விலக்கு அளித்து அனுமதி தந்தார்கள். நூறு பேரும் தொடர்ந்து சோறு தின்றோம். தண்டபாணி பலகையைக் கழற்றிவிட்டார். ஒன்று என்று எழுத அவருக்குத் தம்ளர் உதவாது.

அறுவைக்குப் பிறகு ஆறு மாதத்தில் குப்பம்மாளின் ஆள்காட்டி விரல் உள்ளங்கையைத் தொட்டது. நடுவிரல் பாதியில் நின்றுவிட்டது. "கொஞ்சம் முன்னாடி கெடச்சிருந்தா" என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எவ்வளவு முன்னால் என்று நான் கேட்கவில்லை. பதினோரு நாள் என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது? குப்பம்மாள் இப்போது சாமைத் தாளை ஆள்காட்டி விரலாலும் சுண்டுவிரல் பக்கத்தாலும் பிடித்து அறுக்கிறாள். நடுவிரல் மட்டும் எதையோ சுட்டிக்காட்டுவதுபோல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

என்னை ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பதிவறைக்கு மாற்றினார்கள். கடைசி ஒன்பது வருடம் அங்கேதான். பழைய கோப்புகளைப் பிரித்துப் படிக்க நேரம் நிறையக் கிடைத்தது. தோல் தையல், தோல் தையல், தோல் தையல். சிலவற்றில் சேதுராமன் வரைந்த கையை எடுக்க மறந்துபோய் அப்படியே இருந்தது. புள்ளிகள் தோலைத் தாண்டி உள்ளே போயிருந்தன. நான் போட்ட கோடு எண் மேலேயே நின்றிருந்தது. எல்லாவற்றிலும் என் கையெழுத்து. குப்பம்மாள் ஒருத்தி அல்ல. திரும்பி வந்தவள் அவள் ஒருத்தி.

மேடைக்கு வருகிறேன். மென்பொருள் நிறுவனத்திலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் வந்திருந்தார். "உங்க ஆஸ்பத்திரியோட பழைய கோப்புகள் எல்லாத்தையும் படிச்சுத்தான் இது கத்துக்கிட்டிருக்கு" என்று பெருமையாகச் சொன்னார். நான் பதிவறையில் பிரித்துப் படித்த அதே கோப்புகள். முதல் வரிசையில் இப்போது ஆலோசகராக இருக்கும் தண்டபாணி தலையாட்டினார். "ஒரு குறிப்பு சொல்லுங்க மேடம், சோதிச்சுக் காட்டறேன்."

எனக்கு மனப்பாடமாக இருந்தது. இடக்கை, அரிவாள் வெட்டு, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மடக்கு நாண்கள் முழுத் துண்டிப்பு, நாண்களும் தோலும் தைக்கப்பட்டன, மாவுக்கட்டு. அவர் தட்டச்சு செய்தார். மூன்று விநாடி. பெரிய திரையில் வந்தது: 'தோல் காயம், தையல். கேள்வி வரும் வாய்ப்பு: இல்லை.' பக்கத்திலிருந்த அச்சுப்பொறி ஒரு தாளைத் துப்பியது. எட்டாம் நாள் தையல் பிரிக்கவும். வழக்கமான வேலைக்குத் திரும்பலாம்.

அரங்கம் கைதட்டியது. முதலில் தட்டியது தண்டபாணி.

தாளை எடுத்தேன். இரண்டு வரிகளையும் பேனாவால் அடித்தேன். 'தவறு. நாண் வெட்டு. மாவுக்கட்டைப் பிரிக்கக்கூடாது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று அதைப் படித்துக் காட்டினேன். எனக்குக் கொடுத்த இரண்டு நிமிடத்தில் நான் பேசியது அவ்வளவுதான். இறங்கும்போது தாளைக் கழுத்துப்பட்டைக்காரர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், இத எங்க ஏத்தறது? இந்த மாதிரி எழுத இதுல கட்டம் இல்லீங்களே."

"தெரியும்" என்றேன். "கடிதமா எழுதித் தபால்ல அனுப்புங்க. நானும் அப்படித்தான் அனுப்புனேன். பதினோரு நாள் தாமதமா."